பெண்களுக்கு வரும் தொடையிடுக்குக் குடலிறக்கம்: பரிசோதனை முதல் ஆபரேஷன் வரை

இது இளம் அறுவை மருத்துவர்களுக்கும், டியூட்டி டாக்டர்களுக்கும், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்களுக்கும் எழுதியது. ஆண்களின் ஹெர்னியாவைப் பார்த்துப் பழகிய கைகள் பெண்ணிடம் வரும்போது எந்த இடத்தில் தடுமாறுகின்றனவோ, அந்த இடங்களில் அதிக நேரம் நிற்கிறது. ஆரம்பம் முதல் கடைசித் தையல் வரை மறக்கக் கூடாத கேள்வி ஒன்றுதான்: ஃபெமோரல் வாசலை, அதாவது தொடைச் சிரையை ஒட்டிய சிறு திறப்பை, பார்த்தாயிற்றா?

1. முதலில் வாசல்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து பியூபிக் எலும்பின் மேடு வரை சாய்வாக ஓடும் நார்ப்பட்டை இங்குவினல் லிகமென்ட். அதற்கு மேலே வருவது இங்குவினல் ஹெர்னியா. அதற்குக் கீழே, தொடையின் பெரிய சிரையை ஒட்டி உட்பக்கமாக வருவது ஃபெமோரல் ஹெர்னியா. இன்னும் ஆழத்தில், இடுப்பெலும்பிலுள்ள ஆப்டுரேட்டர் துளை வழியாக வருவது மூன்றாவது. அது அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் மெலிந்த, வயதான பெண்களுக்கே வரும்.

ஃபெமோரல் வாசலுக்கு நான்கு எல்லைகள். முன்னே இங்குவினல் லிகமென்ட், பின்னே கூப்பர் லிகமென்ட் (பியூபிக் எலும்பின் மேல்விளிம்பில் ஒட்டிய நார்), உட்பக்கம் லக்குனார் லிகமென்ட், வெளிப்பக்கம் ஃபெமோரல் சிரை. மூன்று பக்கம் இறுகிய நார், ஒரு பக்கம் மட்டுமே மெத்தென்ற சிரை. உள்ளே நுழைந்த குடல் வீங்கினால் விரிவதற்கு இடமில்லை. ஹெர்னியாவின் கழுத்து (அது வாசலைக் கடக்கும் குறுகிய இடம்) நெரிபடுவதற்குக் காரணம் இதுதான்.

வாழ்நாளில் ஆண்களில் 27 முதல் 43 சதவீதம் பேருக்கும், பெண்களில் 3 முதல் 6 சதவீதம் பேருக்கும் தொடையிடுக்கு ஹெர்னியா வருகிறது. பெண்களிலும் இங்குவினல் வகையே அதிகம். 'பெண் என்றாலே ஃபெமோரல்' என்று எடுத்துக்கொள்வது பிழை. 'இங்குவினல் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது' என்று நிறுத்துவது அதைவிடப் பெரிய பிழை. இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்தே இருக்கலாம்.

2. அவர் சொல்லும் சொல்லைக் கவனியுங்கள்

'ஹெர்னியா' என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்கள் குறைவு. 'நெறி கட்டியிருக்கு' என்பார்கள், 'சுளுக்கு மாதிரி இழுக்குது' என்பார்கள், 'அடி இறங்குது' என்பார்கள். நெறி என்றதும் காலில் புண் தேடி ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுகிறோம். அடி இறக்கம் என்றதும் கர்ப்பப்பை இறக்கம் என்று மகப்பேறு பிரிவுக்கு அனுப்பிவிடுகிறோம். எந்த இடம் என்று அவர் விரலாலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கேட்க வேண்டியவை: நின்றால், சுமந்தால், முக்கினால் பெரிதாகிறதா? படுத்தால் அடங்குகிறதா? வலி மாதவிலக்கோடு கூடிக் குறைகிறதா? நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் உண்டா? முன்பு அந்தப் பக்கம் ஆபரேஷன் நடந்ததா? கடைசி மாதவிலக்கு எப்போது? வாந்தி, வயிறு உப்புசம் இருந்ததா?

வீக்கமே இல்லாமல் வலியோடு மட்டும் வரும் பெண்களும் உண்டு. சிறு கொழுப்புத் துண்டு வாசலில் சிக்கினாலே வலிக்கும். 'ஒன்றும் தெரியவில்லை' என்று திருப்பி அனுப்பாதீர்கள். படம் எடுக்க வேண்டியவர்கள் இவர்கள்தாம்.

எல்லாவற்றையும்விட விலை அதிகமான தவறு, வாந்தியும் வயிற்று உப்புசமுமாக வந்த பாட்டியின் வயிற்றை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு, 'கேஸ்' என்று ஊசி போட்டு அனுப்புவது. புடவை மடிப்புக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இறுகிக் கிடக்கும். அவரே அதைக் கவனித்திருக்க மாட்டார். கவனித்திருந்தாலும் சொல்லக் கூச்சப்படுவார். குடல் அடைப்பு என்று சந்தேகம் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் உடையை விலக்கி இரண்டு தொடையிடுக்கையும் பார்ப்பது கட்டாயம்.

3. நிற்க வைத்துப் பாருங்கள், பிறகு படுக்க வைத்து

முன்னதாகத் திரை, நல்ல வெளிச்சம், உடன் ஒரு பெண் ஊழியர் மூன்றும் இருக்கட்டும். இவை இல்லாவிட்டால் பரிசோதனை அரைகுறையாகவே முடியும். உடை முழுதும் விலகாமல் இந்த ஹெர்னியா கண்ணில் படாது.

முதலில் நிற்க வைக்க வேண்டும். படுத்தால் சிறிய ஹெர்னியா உள்ளே போய்விடும். எதிரே உட்கார்ந்து இரண்டு பக்கமும் பாருங்கள், இருமச் சொல்லுங்கள். இருமும்போது எழும் தள்ளலை விரலால் உணருங்கள்.

அடுத்தது பியூபிக் மேட்டைக் கண்டுபிடிப்பது. தொடையைச் சற்று விரித்து, உட்தொடையில் கயிறு போல் நிற்கும் அடக்டர் லாங்கஸ் தசையின் நாணைப் பிடித்து மேலே போனால் அந்த மேட்டில் போய் முடியும். கட்டியின் கழுத்து அதற்கு மேலும் உட்பக்கமும் இருந்தால் இங்குவினல். கீழும் வெளிப்பக்கமும் இருந்தால் ஃபெமோரல்.

கழுத்து என்று சொல்வது காரணத்தோடுதான். ஃபெமோரல் கட்டி வளரும்போது அதன் தலை மேல்நோக்கி மடங்கி, இங்குவினல் லிகமென்ட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலையை மட்டும் பார்த்தால் இங்குவினல் என்றே தோன்றும். பருமனான பெண்களிடம் இந்த ஏமாற்றம் அதிகம்.

'இருமும்போது தள்ளல் இல்லை, அதனால் ஹெர்னியா இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். குறுகிய கழுத்தில் கொழுப்பு அடைத்துக்கொண்டால் தள்ளல் வெளியே வராது.

உட்தொடையில் முழங்கால் வரை வலி ஓடுகிறது என்றால், காலை நீட்டி, விரித்து, உட்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அப்போது வலி கூடினால் ஆப்டுரேட்டர் ஹெர்னியாவை நினைக்க வேண்டும்.

4. ஹெர்னியா போலத் தோன்றும் மற்றவை

கர்ப்பிணிக்கு இந்த இடத்தில் வீக்கம் வந்தால் அது பெரும்பாலும் ஹெர்னியா அல்ல. கர்ப்பப்பையிலிருந்து இங்குவினல் கால்வாய் வழியே வரும் நாரான ரவுண்ட் லிகமென்ட்டைச் சுற்றிய சிரைகள் புடைத்திருக்கும். நின்றால் பெரிதாகி, படுத்தால் அடங்கி, இருமினால் தள்ளி, அப்படியே ஹெர்னியாவாக நடிக்கும். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரியும். பிரசவத்துக்குப் பின் தானே வற்றிவிடும். டாப்ளர் பார்க்காமல் கத்தியை எடுத்தால் தேவையற்ற ஆபரேஷன்.

மாதந்தோறும் மாதவிலக்கை ஒட்டி வீங்கி வலிக்கும் கட்டி எண்டோமெட்ரியோசிஸாக (கர்ப்பப்பையின் உட்படலம் வேறிடத்தில் வளர்வது) இருக்கலாம். நீர் நிறைந்து, அழுத்தினால் அடங்காத மென்மையான கட்டி, நக் கால்வாயில் (ரவுண்ட் லிகமென்ட்டோடு வரும் வயிற்று உள்ளுறையின் நீட்சி) தேங்கிய நீர்க்கட்டியாக இருக்கலாம். படுத்ததும் சட்டென்று மறைந்து, இருமினால் நீர் அதிர்வு தரும் கட்டி, காலின் மேலோட்டமான சஃபீனஸ் சிரையின் புடைப்பு. நிணநீர் முடிச்சு, கொழுப்புக் கட்டி, முதுகெலும்புக் காசநோயிலிருந்து இறங்கிய சீழ், இடுப்பு மூட்டுத் தேய்மான வலி ஆகியவையும் பட்டியலில் உண்டு. நெறி என்று நினைத்து ஊசி குத்தி உறிஞ்சிப் பார்ப்பதற்கு முன் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். உள்ளே குடல் இருக்கலாம்.

5. ஸ்கேன் கேட்கும் விதம்

'தொடையிடுக்கு அல்ட்ராசவுண்ட்' என்று மட்டும் சீட்டில் எழுதினால், படுக்க வைத்துப் பார்த்து 'இயல்பு' என்று வரும். இப்படி எழுதுங்கள்: 'நின்ற நிலையிலும், மூச்சடக்கி முக்கச் சொல்லியும் இரு பக்கமும் பார்க்கவும், ஃபெமோரல் சிரைக்கு உட்பக்கம் தனியாகக் குறிப்பிடவும்.'

அதிலும் தெரியாமல் வலி தொடர்ந்தால், முக்கச் செய்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. அடுத்தது. இடுப்பு மூட்டு, தசைநாண் கோளாறுகளும் அதில் தெரியும். அவசர நிலையிலும், ஆப்டுரேட்டர் சந்தேகத்திலும் சி.டி. போதும், வேகமும் அதுதான்.

6. காத்திருக்கலாமா?

தொந்தரவு தராத ஹெர்னியாவைக் கண்காணித்துக்கொண்டே காத்திருக்கலாம் என்ற அறிவுரை ஆண்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அதைப் பெண்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. 2018-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், பெண்களுக்குத் தாமதிக்காமல் சரிசெய்வதையும், வசதியும் அனுபவமும் இருந்தால் லேப்ராஸ்கோபி வழியில் வலை (மெஷ்) வைப்பதையும் பரிந்துரைக்கிறது.

ஸ்வீடன் நாட்டு ஹெர்னியா பதிவேட்டின் எண்கள் காரணத்தைச் சொல்லும். ஃபெமோரல் ஹெர்னியாவோடு வந்த பெண்களில் 40.6 சதவீதம் பேருக்கு அவசர ஆபரேஷன். அவசரமாகச் செய்த ஃபெமோரல் ஆபரேஷன்களில் 22.7 சதவீதத்தில் குடலை வெட்ட வேண்டி வந்தது. இங்குவினலில் அது 5.4 சதவீதம்.

விதிவிலக்கு கர்ப்பம். நெரிபடாத ஹெர்னியா என்றால் பிரசவம் முடியும்வரை பொறுக்கலாம். நேர்மாறானது பெண் குழந்தை: தொடையிடுக்கில் உள்ளே போகாத சிறு உருண்டை இருந்தால் அது சினைப்பையாக இருக்கலாம், முறுக்கிக்கொள்ளலாம். தாமதமின்றிக் குழந்தை அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

7. மேஜைக்குப் போகும் முன்

குழந்தைபேறு வயதில் கர்ப்பப் பரிசோதனை. சர்க்கரை, ரத்தசோகை, இருமல், மலச்சிக்கல் கட்டுக்குள் வர வேண்டும். புகையிலைப் பழக்கம் நான்கு வாரம் முன்பே நிற்கட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவரா என்று கேளுங்கள். தொடை மடிப்பில் படர்தாமரை, புண் இருந்தால் அதை முதலில் ஆற்றுங்கள். வலை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிருமி ஆகாது.

ஒப்புதல் படிவத்தில் பெண்களுக்கென்று சில வரிகள் சேர வேண்டும்: ரவுண்ட் லிகமென்ட்டை வெட்ட நேரலாம், மறுபக்கத்திலும் ஹெர்னியா தெரிந்தால் சரிசெய்யலாம், நாள்பட்ட வலி சிலருக்கு நீடிக்கலாம். 'இனி குழந்தை பெறலாமா?' என்று பலர் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெறலாம், சுகப்பிரசவத்துக்கும் இது தடையில்லை என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

ஆபரேஷன் செய்யும் பக்கத்தைப் பேனாவால் உடலில் குறியிடுங்கள். தியேட்டருக்குள் நுழையும் முன் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் நீங்கள் வேலை செய்யும் இடத்தையே அது மறைக்கும். ஆன்டிபயாட்டிக் முடிவு செய்திருந்தால், கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் 2 கிராம்.

8. லேப்ராஸ்கோபி: எந்த வரிசை, ஏன்

இங்கே சொல்வது வயிற்றுக்குள் நுழைந்து பெரிட்டோனியத்தை (வயிற்றின் உள்ளுறையை) திறந்து செய்யும் 'டாப்' முறை. உள்ளே நுழையாமல் செய்யும் 'டெப்' முறையிலும் தேட வேண்டிய அடையாளங்கள் இவையே. புதியவர்களுக்கு டாப் நல்லது. இரு பக்கமும் முதல் பார்வையிலேயே தெரியும், குடலையும் பார்க்கலாம்.

அ. தலைப்பக்கம் 10 முதல் 15 டிகிரி தாழ்வு. தொப்புளில் 10 மி.மீ. போர்ட், அதே மட்டத்தில் இரு பக்கமும் 5 மி.மீ. போர்ட். வாயு அழுத்தம் 12 மி.மீ. பாதரசம். நுழைந்ததும் கர்ப்பப்பை, சினைப்பைகள், இரு தொடையிடுக்குகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

ஆ. பெரிட்டோனியத்தை உள்வளையத்துக்கு (இங்குவினல் கால்வாயின் உள்வாய்) 4 செ.மீ. மேலே கீறுங்கள். வெளியே இடுப்பெலும்பின் முன்முனை நோக்கித் தொடங்கி, உள்ளே தொப்புள் மடிப்பு வரை. கீழே கீறிவிட்டால் கடைசியில் வலையை மூடப் பெரிட்டோனியம் போதாது.

இ. முதலில் உட்பக்கம். பியூபிக் எலும்பைத் தொட்டு, பளபளக்கும் வெள்ளைக் கூப்பர் லிகமென்ட் முழுதும் தெரியும்வரை பிரியுங்கள். நடுக்கோட்டைத் தாண்டியும், கூப்பருக்குக் கீழே 2 செ.மீ. வரையும் போக வேண்டும். இதை முதலில் செய்வதற்குக் காரணம், எலும்பு இடம் மாறாத அடையாளம். ஹெர்னியாவின் பையில் தொடங்கினால் திசை தவறும். கூப்பரைக் குறுக்காகக் கடந்து போகும் ரத்தக்குழாய் தென்படலாம். அதைக் கிழித்தால் ரத்தத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு.

ஈ. பிறகு வெளிப்பக்கம். அங்கே நரம்புகளின் மேல் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கும், அதை உரிக்காதீர்கள். உரித்தால் நரம்பு வலையோடு ஒட்டிக்கொள்ளும்.

உ. இப்போது பை. இங்குவினல் பையை இழுத்து இறக்கியதும் நின்றுவிடாமல் ஃபெமோரல் வாசலுக்கு வாருங்கள். சிரைக்கும் கூப்பருக்கும் நடுவே உள்ள மூலையில் மஞ்சள் கொழுப்பு உள்ளே வழுக்கிக்கொண்டு போவது தெரியும். மெதுவாகப் பிடித்து, கைமாற்றி, கைமாற்றி இழுங்கள். உதவியாளர் வெளியிலிருந்து தொடையிடுக்கைக் கையால் அழுத்தினால் பாதி வேலை எளிதாகும். கொழுப்பு வெளியே வந்தபின் ஓர் இருண்ட பள்ளம் திறந்து நின்றால், அதுதான் நீங்கள் தேடியது. வராவிட்டால் வாசலை உட்பக்க மேல் விளிம்பில் சற்று விரியுங்கள். வெளிப்பக்கம் வெட்டவே கூடாது, சிரை அங்கேதான் இருக்கிறது. ஆப்டுரேட்டர் துளையையும் பார்த்துவிடுங்கள்.

இங்குவினல் கால்வாயில் நுழைந்து கிடக்கும் கொழுப்புத் துண்டையும் வெளியே எடுக்க வேண்டும். விட்டால் வீக்கம் அப்படியே இருக்கும். 'ஆபரேஷன் பண்ணியும் போகலையே' என்று திரும்பி வருவார்.

9. ரவுண்ட் லிகமென்ட்: வெட்டுவதா, காப்பதா

ஆண்களிடம் விந்துக் குழாயைப் பெரிட்டோனியத்திலிருந்து எளிதாகப் பிரித்துவிடலாம். பெண்களிடம் ரவுண்ட் லிகமென்ட் பெரிட்டோனியத்தோடு இறுகி ஒட்டியிருக்கும். இதைப் பிரிக்காமல் வைத்தால் வலை கீழ் விளிம்பில் கூடாரம் போல் தூக்கி நிற்கும். அந்த இடைவெளி வழியே ஹெர்னியா மறுபடி வரும்.

பொறுமையாகப் பிரிந்தால் காப்பாற்றுங்கள். பிரியாவிட்டால், லிகமென்ட்டின் இரு பக்கமும் பெரிட்டோனியத்தை நீளவாக்கில் கீறி, ஒரு பட்டையை லிகமென்ட்டின் மேலேயே விட்டுவிட்டு, கடைசியில் தைத்துக்கொள்ளலாம். நேரம் கூடும். இளம் பெண்களிடம் இந்த உழைப்பு தகும்.

வெட்டத்தான் வேண்டுமென்றால், ஜெனிட்டோஃபெமோரல் நரம்பின் கிளை வந்து சேரும் இடத்துக்கு முன்பே, கர்ப்பப்பையை நோக்கிய பக்கத்தில் வெட்டுங்கள். உள்வளையத்தை ஒட்டி வெட்டினால் நரம்பும் சேர்ந்து போகும். பெண்ணுறுப்பின் வெளியுதட்டில் மரத்துப்போதலும் எரிச்சலும் மிஞ்சும். வலையில் பிளவு போட்டு லிகமென்ட்டை நடுவே விடுவது எளிதாகத் தோன்றினாலும், அந்தப் பிளவே புதிய வாசலாகிவிடும்.

10. வலை

குறைந்தது 10 × 15 செ.மீ. 'சின்ன உடம்பு' என்று வலையை நறுக்காதீர்கள். வாசல்களின் அளவு உடம்பின் அளவோடு குறைவதில்லை. உள்வளையம், நேர்ச் சுவர் (சுவரை நேராகத் துளைத்து வரும் டைரக்ட் ஹெர்னியாவின் இடம்), ஃபெமோரல், ஆப்டுரேட்டர் நான்கையும் மூடி, கீழ் விளிம்பு சுருளாமல் படிய வேண்டும்.

3 செ.மீ.க்கு மேற்பட்ட நேர்வழி (டைரக்ட்) ஓட்டை என்றால் வலையை ஆணியால் பொருத்த வேண்டும்: கூப்பரிலும், உள் மேல் மூலையிலும். வெளிப்பக்கம் இலியோபியூபிக் நாருக்குக் கீழே ஓர் ஆணிகூட கூடாது, அங்கே நரம்புகள். சிரை, தமனி மேலும் கூடாது.

பெரிட்டோனியத்தைக் கரையும் நூலால் இடைவெளியின்றித் தையுங்கள். சிறு துளை விட்டாலும் குடல் நுழைந்து அடைக்கும். வாயுவை மெதுவாக வெளியேற்றிக்கொண்டே, வலையின் கீழ் விளிம்பு மடங்குகிறதா என்று கேமராவில் பார்த்துவிட்டு வெளியேறுங்கள். 10 மி.மீ. துளையின் நார்ப்படலத்தையும் தைக்க வேண்டும்.

11. லேப்ராஸ்கோபி இல்லாத இடத்தில்

திறந்த முறையில் லிச்சன்ஸ்டைன் வலை இங்குவினல் லிகமென்ட்டின் மேலே உட்கார்கிறது. ஃபெமோரல் வாசல் அதற்குக் கீழே திறந்தே கிடக்கும். அதே ஸ்வீடன் பதிவேட்டில், மறுபடி ஆபரேஷனுக்கு வந்த பெண்களில் 41.6 சதவீதம் பேரிடம் இருந்தது ஃபெமோரல் ஹெர்னியா, ஆண்களில் 4.6. பலருக்கு அது 'திரும்பி வந்தது' அல்ல, முதல்முறை பார்க்காமல் விட்டது.

ஆகவே இங்குவினல் கால்வாயின் பின்சுவரைத் திறந்து, விரலை விட்டு, ஃபெமோரல் வாசலைத் தொட்டுப் பாருங்கள். இருந்தால் பெரிட்டோனியத்துக்கு முன்னே வலை வைக்கும் முறைக்கு மாறுங்கள். வலை இல்லாமல் கூப்பருக்கும் இங்குவினல் லிகமென்ட்டுக்கும் தையல் போட நேர்ந்தால், கடைசித் தையலுக்கும் சிரைக்கும் நடுவே சுமார் அரை செ.மீ. விடுங்கள். இறுக்கினால் கால் வீங்கும்.

12. நெரிபட்டு வந்தால்

கட்டி இறுகி, சிவந்து, தொட்டால் துடிக்கிறார் என்றால் உள்ளே தள்ள முயலாதீர்கள். செத்த குடல் உள்ளே போகும். அல்லது கழுத்து வளையத்தோடு சேர்ந்தே போய், நெரிப்பு உள்ளே தொடரும். வீட்டில் எண்ணெய் தடவி நீவியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

குடலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் சிக்குவது ஃபெமோரலில் அடிக்கடி நடக்கும். அப்போது மலம் போகும், வாயு பிரியும், வாந்தியும் இராது. சுவர் மட்டும் அழுகும். 'வெளிக்குப் போகிறாரே' என்று காலை வரை தள்ளிப்போடக் கூடாது.

வாய்வழி எதுவும் வேண்டாம். ரைல்ஸ் டியூப் (மூக்கு வழி இரைப்பைக் குழாய்), சலைன், சிறுநீர்க் குழாய், ஆன்டிபயாட்டிக், பிறகு தியேட்டர். மயக்கம் கொடுத்ததும் கட்டி தானே உள்ளே நழுவிவிட்டால் நிம்மதியடையாதீர்கள். லேப்ராஸ்கோப் விட்டு அந்தக் குடலைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும்.

திறந்த முறையில், வளையத்தை வெட்டும் முன் குடலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான சலைன் துணியில் சுற்றிச் சில நிமிடம் பொறுங்கள். நிறம் திரும்புகிறதா, அசைகிறதா, குடலைத் தாங்கும் நடுமடியில் நாடித் துடிப்பு இருக்கிறதா? சந்தேகம் நீங்காவிட்டால் வெட்டி இணைப்பதே பாதுகாப்பு. மலமோ சீழோ சிந்தியிருந்தால் வலையைத் தவிர்த்துத் தையல் மட்டும் போடுங்கள்.

13. ஆபரேஷனுக்குப் பின்

அவசர ஆபரேஷன் அல்லாதவர்கள் பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணிக்கொரு தடவை, உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு அதைவிடக் குறைவாக. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாவிட்டால் கூடவே இபுப்ரோஃபென். அன்று மாலையே நடக்க வேண்டும். வலி அனுமதிக்கும் வேலைகளை 3 முதல் 5 நாளில் தொடங்கலாம். 'மூன்று மாதம் குடம் தூக்காதே' என்பது பழைய பழக்கம்.

பழைய இடத்தில் மறுபடி மெத்தென்ற வீக்கம் வந்தால் அது பெரும்பாலும் நீர்த் தேக்கம், சில வாரங்களில் வற்றும். ஊசி குத்தி உறிஞ்சாதீர்கள்; கிருமி நுழையும். கால் வீக்கம், காய்ச்சல், வாந்தி, சிறுநீர் போகாமை ஆகியவற்றுக்கு உடனே வரச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி பெண்களிடம் சற்று அதிகம். அவர் சொல்வதை நம்பி, எரிச்சலும் மரப்பும் உள்ள இடத்தைத் தோலில் பேனாவால் வரைந்து பாருங்கள். எந்த நரம்பு என்று அந்த வரைபடமே காட்டும்.

ஆபரேஷன் குறிப்பை அன்றே எழுதுங்கள். அதில் நான்கு வரி கட்டாயம்: எந்த வாசலில் ஹெர்னியா இருந்தது, ஃபெமோரல் வாசல் எப்படி இருந்தது, ரவுண்ட் லிகமென்ட் காத்ததா வெட்டியதா, வலையின் அளவும் பொருத்திய இடமும். ஐந்து வருடம் கழித்து வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் முன் அவர் வலியோடு நிற்கும்போது கையில் இருக்கப்போவது அந்தத் தாள் ஒன்றுதான். அதன் நகலை அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.